எந்த நேஜாங்?

இஞ்சியோன்
2004 மே 9

அன்புள்ள தம்பி ஜொங்தேவுக்கு,

அண்ணி ஒக்புன் எழுதுகிறேன். கோஜே தீவில் வெயில் ஏறிவிட்டதா? கப்பல் பட்டறையில் உங்களை இன்னும் உயரத்தில்தான் ஏற்றுகிறார்களா? உங்கள் வீட்டுக்காரி, என் தங்கச்சியின் இடுப்பு வலி தேவலையா? இங்கே நானும் மியோங்ஜுவும் இருக்கிறோம். காலையில் கடை திறக்கிறேன், ராத்திரி மூடுகிறேன்.

போன் இருக்கும்போது அண்ணி எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் சிரித்துக்கொண்டே பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவீர்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள், பேச்சில் உங்களைப் பிடிக்க முடியாது. எழுதினால் நீங்கள் சொன்னது என் கையில் இருக்கும். திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

உங்கள் அண்ணனின் கம்ப்யூட்டரை விற்றுவிடலாம் என்று மியோங்ஜு சொன்னாள். அப்பா துப்பாக்கி விளையாட்டு ஆடிய அறையைத் தாண்டிப் போக அவளுக்கு முடியவில்லையாம். சரி என்றேன். போன வாரம் ஒரு ஆள் பார்க்க வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சவுண்டு நேஜாங்கா, தனி கார்டாம்மா?" என்று கேட்டார். "நேஜாங் கடையிலதான் இருக்கு. வீட்டுல விக்கிறதில்ல, கடைக்கு வாங்க, சூப் தர்றேன்" என்றேன். மியோங்ஜு சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பலகையிலேயே பதித்து வருகிற சவுண்டுக்கும் நேஜாங் என்றுதான் பெயராம். எனக்குத் தெரிந்த நேஜாங் மாட்டுக் குடலும் இரைப்பையும். இத்தனை வருஷம் அதைக் கழுவி, வேகவைத்துத்தான் சாப்பிட்டோம்.

வந்தவரை அனுப்பிவிட்டேன். அந்தச் சொல் என்னை விடவில்லை.

போன சூசொக் பண்டிகைக்கு நீங்கள் வந்திருந்தீர்கள். அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் இருந்தீர்கள். நான் தட்டோடு வந்தேன். நீங்கள், "நேஜாங் போச்சுண்ணே, இதுக்கு மேல தள்ளிப்போடக் கூடாது" என்றீர்கள். அவர், "அவ காதுல விழ வேணாம்" என்றார். கதவைத் திறந்ததும், "அப்ப கார்டே போட்டுரலாம்" என்று சத்தமாகச் சொன்னார்.

அன்று எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் கடைச் சரக்கு கெட்டுவிட்டது என்று பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். அந்த ஆத்திரத்தில் ஒரு அண்டா சூப்பைச் சாக்கடையில் கொட்டினேன். ஊருக்குக் கிளம்பும்போது உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜனவரியில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, வயிறு முழுக்கப் பரவிவிட்டது, ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். மனிதனுடைய வயிற்றுக்குள் இருப்பதும் நேஜாங்தானே, தம்பி.

அன்று நீங்கள் சொன்னது எந்த நேஜாங்? அவருக்கு அப்போதே தெரியுமா? இது ஒன்றை எழுதிவிடுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உயரத்தில் ஏறும்போது பாதுகாப்பு வார் கட்டிக்கொள்ளுங்கள்.

அண்ணி


கோஜே
மே 17

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

தம்பி ஜொங்தே வணங்கி எழுதுகிறேன். கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று இங்கே நாங்கள் பேசாத நாள் இல்லை. மியோங்ஜுவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அண்ணி, மனசை அலட்டிக்கொள்ளாதீர்கள். அன்று பேசியது கம்ப்யூட்டரின் நேஜாங்தான். உங்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன். கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டு என்று ஒரு பெரிய பலகை உண்டு. சத்தத்துக்கான சில்லையும் அதிலேயே பதித்து விற்கிறார்கள். அதற்குத் தனிச் செலவு கிடையாது. பாட்டு கேட்க, படம் பார்க்க அது போதும். ஆனால் மின்சாரம் ஓடுகிற தடங்களுக்குப் பக்கத்திலேயே அந்தச் சில்லு உட்கார்ந்திருக்கிறது. விசிறி வேகமாகச் சுற்றினால் காதில் உஸ்ஸென்று ஓர் இரைச்சல் வரும். மவுஸை நகர்த்தினால்கூடக் கீச்சென்னும். அண்ணன் ஆடியது துப்பாக்கி விளையாட்டு. அதில் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். சுவருக்கு அந்தப் பக்கம் எவன் நடக்கிறான், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்று காலடியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நேஜாங் கெட்டுப்போனதால் அண்ணனுக்குப் பின்னால் வருகிறவனின் காலடி முன்னால் கேட்டது. தினமும் சின்னப் பையன்களிடம் சுடுபட்டுச் செத்தார். தனி கார்டு என்றால் தனிச் சில்லு, இரைச்சல் இருக்காது, திசை துல்லியமாகத் தெரியும். அதனால்தான் கார்டு போடச் சொன்னேன். பிறகு நானே வாங்கி அனுப்பினேன்.

நடந்தது இவ்வளவுதான். சூப்பைக் கொட்டினீர்கள் என்று படித்ததும் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

மழைக்கு முன்னால் கடைக் கூரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


இஞ்சியோன்
மே 30

தம்பி ஜொங்தேவுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதியிருந்தால் நன்றாயிருக்கும். தங்கச்சியைப் பற்றி ஒரு வரி இல்லையே.

உங்கள் கடிதம் வந்த அன்று நன்றாகத் தூங்கினேன். மியோங்ஜுவிடம் காட்டினேன், சித்தப்பா சொல்வது சரிதான், கம்ப்யூட்டர் ஆடுகிறவர்கள் எல்லோரும் இதையேதான் பேசுவார்கள் என்றாள். கார்டு வந்த பிறகு அவர் குஷியாக இருந்ததும் ஞாபகத்துக்கு வந்தது. ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி என்னைக் கூப்பிட்டு, "இப்ப பின்னால எவன் வர்றான்னு முன்கூட்டியே தெரியுது" என்றார். "பின்னால நான்தான் நிக்கிறேன், சோறு ஆறுது" என்றேன்.

மூன்றாம் நாள் மறுபடி எடுத்துப் படித்தேன். உங்கள் கல்யாணத்துக்குக்கூட அரைப் பக்கம் எழுதித்தான் எங்களைக் கூப்பிட்டீர்கள். ஒரு சில்லைப் பற்றி எனக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். என் மேல் என்ன இவ்வளவு கரிசனம்?

இன்னொன்று. சவுண்டு கெட்டதை அவர் எதற்கு என் காதில் விழக்கூடாது என்றார்? எனக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன? என் கடிதத்திலேயே மூன்று நேஜாங்கையும் வரிசையாக எழுதி உங்களுக்கு நானே வழி காட்டிக் கொடுத்துவிட்டேனோ என்றும் தோன்றுகிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பதில் போடுங்கள்.

அண்ணி


கோஜே
ஜூன் 8

அண்ணிக்கு வணக்கம்.

இவளுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது. உங்களை விசாரிக்கச் சொன்னாள்.

கார்டு என்றால் செலவு. இருக்கிறதே போதாதா, இந்த வயதில் காலடிச் சத்தம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் திட்டுவீர்கள் என்று அண்ணன் பயந்தார். வேறொன்றும் இல்லை. அண்ணன் யாருக்காவது பயந்தார் என்றால் அது உங்களுக்குத்தான், அது ஊருக்கே தெரியும்.

கம்ப்யூட்டரைச் சீக்கிரம் விற்றுவிடுங்கள் அண்ணி. கார்டோடு சேர்த்தே கொடுங்கள், பிரித்துப் பார்க்க விடாதீர்கள். யோங்சான் எலக்ட்ரானிக் சந்தைப் பக்கம் மட்டும் எடுத்துப் போக வேண்டாம். விவரம் தெரியாத பெண்பிள்ளை என்றால் அங்கே என்ன வேண்டுமானாலும் சொல்லுவார்கள்.

உடம்பு முக்கியம்.

தம்பி


இஞ்சியோன்
ஜூன் 27

தம்பி ஜொங்தேவுக்கு,

இங்கே மழை தொடங்கிவிட்டது. கூரை ஒழுகவில்லை. அங்கே எப்படி?

யோங்சானுக்குப் போனேன். நீங்கள் போகவேண்டாம் என்று எழுதியிருக்காவிட்டால் எனக்கு அந்த யோசனையே வந்திருக்காது.

பெட்டியைப் பெரிய துணியில் மூட்டையாகக் கட்டி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "கிம்ச்சி ஜாடியா?" என்றாள். "எங்க வீட்டுக்காரரோட சாமான்" என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

முதல் கடையில் பல்லைக் குத்திக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். "எவ்வளவு வரைக்கும் விசாரிச்சிட்டு வந்திருக்கீங்க?" என்றான். எல்லாக் கடையிலும் அதைத்தான் முதலில் கேட்பார்களாம், எவ்வளவு ஏமாற்றலாம் என்று அளவெடுக்க. "நான் எதையும் விசாரிக்கல. நீங்க விசாரிச்சுச் சொல்லுங்க. இதோட நேஜாங் கெட்டுப்போயிருக்கா இல்லையா, அது தெரிஞ்சா போதும்" என்றேன்.

மூடியைக் கழற்றிக் கார்டைப் பிடுங்கி மேசைமேல் வைத்தான். கார்டு போட்டால் நேஜாங்கை அணைத்து வைப்பார்களாம். எதையோ தட்டி அதைத் திறந்துவிட்டு, ஹெட்போனைப் பின்பக்கம் செருகி, காதில் வைத்துக் கேட்டான். "நல்லாத்தான இருக்கு. இது கெட்டதே இல்லம்மா. யாரு சொன்னது?" என்றான். நான் நம்பவில்லை. கார்டை அடிமாட்டு விலைக்குக் கேட்க இப்படிச் சொல்கிறான் என்று எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு, மாடி ஏறி வேறு கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர் வயதானவர். அவரும் கேட்டுவிட்டு அதையேதான் சொன்னார். எப்போதாவது கெட்டுத் தானாகச் சரியாகுமா என்று கேட்டேன். "அது என்ன சளிக் காய்ச்சலா?" என்றார். ஒருவேளை வயர் தொளதொளவென்று இருந்திருக்கலாம் என்று அவராகவே சொல்லி, ஓடவிட்டு ஆட்டி ஆட்டிப் பார்த்தார். நான் பக்கத்தில் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்வரை ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கரகரப்பும் இல்லை.

நானும் கேட்க வேண்டும் என்றேன். அந்த விளையாட்டையே போட்டு ஹெட்போனை என் தலையில் மாட்டினார். முதலில் கார்டில். சரளைக் கல் மேல் ஒவ்வோர் அடியாக, தோளுக்குப் பின்னால் மூச்சு விடுகிற தூரத்தில் வந்தது. திரும்பிப் பார்த்துவிட்டேன். பிறகு நேஜாங்கில். கொஞ்சம் மங்கல், அடியில் மெல்லியதாக உஸ் என்று ஓர் இரைச்சல். அதுவரை நீங்கள் எழுதியது சரி. ஆனால் பின்னால் வந்தவன் பின்னால்தான் வந்தான், தம்பி. முன்னால் வரவில்லை.

இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அண்ணி


கோஜே
ஜூலை 25

அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கப்பல் ஒன்றை மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். மழையிலும் இரும்பைப் பற்றவைக்கிறோம். எழுத நேரமே கிடைக்கவில்லை. இந்தப் பருவத்து நெத்திலி நன்றாக இருக்கிறது, காயவைத்தது ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். மியோங்ஜுவுக்கு வறுத்துக் கொடுங்கள்.

மற்றவை பிறகு.

தம்பி


இஞ்சியோன்
ஆகஸ்ட் 1

தம்பிக்கு,

நெத்திலி வந்தது. நல்ல சரக்குதான். பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

நான் நெத்திலி கேட்கவில்லை.

அண்ணி


கோஜே
ஆகஸ்ட் 16

அண்ணி,

அந்த நேஜாங் நன்றாகத்தான் இருந்தது.

ஜொங்தே


இஞ்சியோன்
ஆகஸ்ட் 22

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க இன்று கை வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஒரு வரி வந்ததும் கடையைச் சாத்தினேன். வழக்கமாக வருகிற துறைமுகத்து ஆட்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பண்டிகை முடிந்து குளிர் வந்ததும் அவர் சாப்பிடுவது குறைந்தது. நான் கம்ப்யூட்டரைத்தான் திட்டினேன். "உங்க பசியையும் அந்தப் பெட்டி தின்னுடுச்சா?" என்பேன். சூப் கிண்ணத்தை விசைப்பலகை மேலேயே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்பேன். காலி செய்தால்தான் நகர்வேன். நல்ல கொழுப்புள்ள துண்டாக வேறு பார்த்துப் போட்டிருப்பேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார், மீசையில் ஒட்ட ஒட்டக் குடிப்பார். அப்புறம் குளியலறையில் குழாய் வெகுநேரம் ஓடும். தண்ணீரை வீணடிக்கிறீர்கள் என்று அதற்கும் திட்டினேன்.

அந்தச் சூப்பைக் குடிக்கும்போதெல்லாம் தன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அப்படித்தானே? தெரிந்தே வாயைத் திறக்கவில்லை. ஏன்? நான் அவருக்கு யார்? மகளிடம் சொல்லாதது சரி, சின்னவள். உங்களிடம் சொன்னாரே. என்னிடம் சொல்ல ஏன் வாய் வரவில்லை?

இந்தத் தடவை அரைப் பக்கம் போதும். உண்மையாக இருக்கட்டும்.

ஒக்புன்


கோஜே
செப்டம்பர் 3

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

கோடையில் மீன் பிடிக்க என்று சொல்லி அண்ணன் இங்கே வந்தாரே, அப்போதே சோறு உள்ளே இறங்கவில்லை. நான் வற்புறுத்தி இங்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அறுத்தாலும் நிச்சயமில்லை என்றார்கள். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். இருந்த நாளில் இவள்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இவளையும் சத்தியம் பண்ண வைத்தார். அதனால்தான் இவள் உங்களிடம் போனில்கூடப் பேசுவதில்லை. இடுப்பு வலி எப்போதோ சரியாகிவிட்டது.

சூசொக் அன்று, கடைசியாக ஒருமுறை, சியோல் ஆஸ்பத்திரிக்காவது வாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். நீங்கள் கதவைத் திறந்தீர்கள். கார்டு என்ற பேச்சு அந்த நொடியில் அண்ணன் வாயில் வந்தது. ஊருக்குப் போனதும் போன் பண்ணி, சொன்னதற்காகவாவது ஒரு கார்டு வாங்கி அனுப்புடா, இல்லாவிட்டால் அவள் பிடித்துவிடுவாள் என்றார். நல்ல கார்டாகவே வாங்கினேன். அண்ணனுக்கு நான் வாங்கிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று நானும் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவ தினமும் நேஜாங்கத்தான் கையில எடுக்குறா. கழுவுறா, அறுக்குறா. எனக்கு வந்திருக்கிறதும் அங்கதான்னு தெரிஞ்சா, அதுக்கப்புறம் அவளால கத்தியத் தொட முடியாதுடா. நானும் போயி, கடையும் போனா, ரெண்டு பேரும் எதத் தின்னுவாங்க?"

அண்ணியிடமே கேட்டுப் பாருங்கள் என்று நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

ஜொங்தே


இஞ்சியோன்
செப்டம்பர் 14

தம்பி ஜொங்தேவுக்கு,

காலையில் காற்று மாறிவிட்டது. அங்கேயும் மாறியிருக்கும். தங்கச்சியிடம், சத்தியம் முடிந்தது, போன் பண்ணலாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். முதலில் வந்ததும் சந்தேகம்தான். இது அவர் சொன்னதா, அண்ணி அழக்கூடாது என்று நீங்கள் கட்டியதா? கார்டுக் கதையைக் கட்டிய கைதானே. வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். "எதத் தின்னுவாங்க" என்ற இடத்தில் அவர் குரல் வந்தது. அதை உங்களால் கட்ட முடியாது. அவர் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் அவர் நினைத்தது தப்பு. காரியம் முடிந்த மறுநாள் நான் மொத்தச் சந்தைக்குப் போனேன். குடலை மாவும் உப்பும் போட்டுப் பிசைந்து, கொழுப்பை வழித்து, மேசைமேல் விரித்து அறுத்தேன். அவருக்கு எங்கே வந்தது என்று அப்போது எனக்குத் தெரியும். இரைப்பையைப் பிடிக்கும்போது, இந்த இடமா, இந்த மடிப்பா என்று பார்த்தேன். பார்த்துக்கொண்டே அறுத்தேன். கை நிற்கவில்லை. அன்றைக்கும் துறைமுகத்து ஆட்கள் இரண்டாவது கிண்ணம் கேட்டார்கள். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவருக்கு இது தெரியவில்லை.

தெரிந்திருந்தால் நான் கத்தியைக் கீழே போட்டிருக்க மாட்டேன். அவர் முன்னால் சூப் கிண்ணத்தை வைத்திருக்க மாட்டேன், அவ்வளவுதான். கடையில் ஒரு அடுப்பில் சூப், இன்னொரு அடுப்பில் கஞ்சி. குளிர்காலம் முழுக்க வைத்துக் கொடுத்திருப்பேன். என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி தங்கச்சி கையால்தான் கிடைத்தது என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. அவள் மேல் வருத்தம் இல்லை. இருக்கிறது. இரண்டும்தான்.

கம்ப்யூட்டரை விற்கவில்லை. மியோங்ஜு அதை எடுத்துக்கொள்கிறாளாம். கார்டா, நேஜாங்கா, எது வேண்டும் என்று அவளைக் கேட்டேன். கார்டில்தான் சத்தம் நன்றாக இருக்கும் என்றாள். நன்றாகத்தான் இருக்கும், நானும் கேட்டேனே. ஆனாலும் கார்டைக் கழற்றச் சொன்னேன். உங்கள் அண்ணன் பொய் சொன்னதற்காக ஒரு நல்ல நேஜாங்கை அணைத்து வைத்திருந்தார்கள். அது திறந்தே இருக்கட்டும். கொஞ்சம் இரைச்சலாக இருந்தால் இருக்கட்டும். கார்டைப் பஞ்சு வைத்துக் கட்டி உங்களுக்கு அனுப்புகிறேன். அது உங்கள் அண்ணனுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்தது, உங்களிடமே இருக்க வேண்டியது.

மாதக் கடைசியில் சூசொக். அவர் படத்துக்கு முன்னால் வைக்கும் முதல் பண்டிகைப் படையல். முன்தினமே இரண்டு பேரும் வந்துவிடுங்கள். தங்கச்சி எதுவும் சமைத்துக் கொண்டுவர வேண்டாம். அன்று எங்கள் வீட்டில் சூப் கிடையாது. நான் கஞ்சி வைக்கப்போகிறேன். அவர் முன்னால் ஒரு கிண்ணம், உங்கள் முன்னால் ஒரு கிண்ணம். நான் பக்கத்தில் நிற்பேன். காலி செய்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும்.

வழியில் பஸ் நெரிசலாக இருக்கும், பார்த்து வாருங்கள்.

அண்ணி ஒக்புன்